வாய் வைக்காத வீடு

"பாட்டில யாரும் தொடாதீங்க," என்று இன்ஸ்பெக்டர் சொன்னதே ருக்குமணிக்கு அவமானமாக இருந்தது. திருடன் வாய் வைத்த பாட்டிலை அவள் தொட்டுவிடுவாளாக்கும்.

பட்டப்பகல். வடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் குவார்ட்டர்ஸ் பின்கதவை உடைத்திருக்கிறான். பீரோவிலிருந்த இரட்டைவடச் சங்கிலி போய்விட்டது. போகிற போக்கில் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீரும் குடித்திருக்கிறான், பாவி. பாட்டில் பாதி காலியாக மேஜைமேல் நின்றது.

தடயவியல் அதிகாரி இளவேனில், பஞ்சு சுற்றிய குச்சியால் பாட்டிலின் வாயைத் துடைத்துக் காகித உறையில் போட்டாள். ஒட்டியிருக்கும் எச்சிலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"வூட்டுல இருக்கறவங்க எச்சிலும் வேணுங்க. அதக் கழிச்சாத்தான் திருடனோடது எதுன்னு தெரியும்."

"எங்க வூட்டுல யாரும் பாட்டில்ல வாய் வக்கமாட்டாங்க," என்றாள் ருக்குமணி.

அது அந்த ப்ளாக்குக்கே தெரிந்த சங்கதி. ருக்குமணி வீட்டில் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து நாக்கு வறண்டு வரும் கணவன் தனகோட்டிக்கும் அதே சட்டம்தான். மகள் இசைப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே 'எச்சில் பண்ணாதடி' என்று அதட்டியவள் அவள். பாத்திரம் தேய்க்கும் சாமியம்மாளுக்குத் தனி டம்ளர். அது பின்பக்க ஜன்னலிலேயே கிடக்கும்.

ஆனால் நேற்று மத்தியானம் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றபடி அதே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தது சாட்சாத் ருக்குமணிதான். நேற்று மட்டுமா? அண்ணாந்து குடித்தால் அவளுக்குப் புரையேறிவிடும். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

பேசாமல் இருந்திருப்பாள். இன்ஸ்பெக்டர்தான் கெடுத்தார்.

"வூட்டாளுங்க யாரும் வாய் வக்கலன்னா, பொம்பள எச்சில் வந்தா மொதல்ல இந்த வேலக்கார அம்மாவத்தான் விசாரிக்கணும்."

துடைப்பத்தோடு நின்ற சாமியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ருக்குமணி அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கிலி போனால் போகட்டும், தன் எச்சிலுக்கு இன்னொருத்தி ஸ்டேஷன் படி ஏறுவதா? சொல்லிவிடலாம்தான். இத்தனை வருஷ மானம் என்ன ஆவது? புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தைரியம் சேர்த்துக்கொண்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

இளவேனிலைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மளமளவென்று சொல்லி முடித்தாள். அவருக்கும் பொண்ணுக்கும் தெரியவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இளவேனில் சிரிக்கவில்லை. புதுக் குச்சியைப் பிரித்து, "வாயத் தெறங்கம்மா," என்றாள். பிறகு உறையின்மேல் நான்கு என்று எழுதினாள்.

"நாலா?"

"அய்யா கொல்லப்பக்கம் வச்சி சொல்லிட்டாருங்க. பொண்ணு வாசல்ல."

ருக்குமணி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "அப்பவும் மூணுதானே வருது?"

இளவேனில் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"மொத ஆளா வந்து சொன்னது சாமியம்மாங்க. நீங்க இனிமே கோவப்பட முடியாதுன்னுதான் சொல்றேன். வேல போயிடும்னு அழுதாங்க. போனாலும் பரவால்ல, எங்கம்மா சங்கிலி கெடச்சாப் போதும்னாங்க."