கடைவாய்ப் பல்லின் படம்

பல் டாக்டரம்மாவின் அறையில் வருகிறவர்கள் உட்கார ஒரே ஒரு நாற்காலி. அதில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நான் நோயாளியின் நாற்காலியில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டேன்.

அது தானாகவே சாய்ந்தது. ஆள் ஏறினால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது போல.

எங்கள் மகன் வேலை பார்க்கும் நாட்டில், அவன் தங்கியிருந்த தொழிலாளர் விடுதி எரிந்துபோய்விட்டது. தப்பியவர்கள் தப்பினார்கள். அடையாளம் தெரிந்தவர்களைப் பெட்டியில் வைத்து அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஓர் உடல் மட்டும் யாருடையது என்று தெரியாமல் அங்கே கிடக்கிறது.

எங்கள் மகனும் போனை எடுக்கவில்லை.

பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். பொருந்தினால் அது எங்கள் பிள்ளை. பொருந்தாவிட்டால் அவன் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமலாவது உயிரோடு இருக்கிறான். என் மனைவி அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு விளம்பரம் தொங்கியது. வெளிநாட்டில் வசிக்கும் நோயாளிகளுக்கு டிஜிட்டல் எக்ஸ்ரேயின் நன்மைகள். தபாலில் தொலையாது, மங்காது, நொடியில் உலகத்தின் எந்த மூலைக்கும் போகும். கீழே ஒரு குடும்பமே முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது, குழந்தை உட்பட.

டாக்டரம்மா அதை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். ஒல்லியான உடம்பு. முடியவில்லை.

பழைய டாக்டரிடமிருந்து இந்த இடத்தை அண்மையில்தான் வாங்கியவள் அவள். எங்கள் மகனைப் பார்த்ததே இல்லை. அவர் விட்டுப்போன கணினியில் அவன் பெயரைத் தேடி எடுத்தாள். இருந்தது ஒரே ஒரு படம்.

திரையில் ஒரு கடைவாய்ப் பல் வந்தது. சாம்பல் நிறம். நடுவில் வேர்வரைக்கும் வெள்ளை வெளேரென்று அடைப்பு.

என் மனைவி எழுந்துபோய்த் திரையைத் தடவினாள்.

"இவ்வளவு பெரிய சொத்தையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"போன லீவுல அடைச்சது. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை."

"அப்பனும் பிள்ளையும் சேர்ந்து மறைச்சிருக்கீங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "அனுப்பிடட்டுமா ஐயா?"

"அனுப்பிடுங்கம்மா," என்றேன்.

விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை. மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நிபுணர் பக்கத்திலேயே இருக்கிறார், காத்திருங்கள் என்று அங்கிருந்து செய்தியும் வந்துவிட்டது.

அதன் பிறகு அந்த அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் மனைவி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த முணுமுணுப்பு எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் ஏது என்று ஆரம்பித்தேன். ஆடுகிற பல்லை நூலில் கட்டி, நூலின் மறுமுனையைக் கதவில் கட்டி, கதவை அறைந்து சாத்துவார்கள். என் அண்ணனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கதவு கழன்று வந்துவிட்டது. பல் வரவில்லை. பல் விழுகிறவரைக்கும் பாவம், கதவோடுதான் பள்ளிக்கூடம் போய்வந்தான். வாத்தியார் அவனிடம் மட்டும் கதவைத் தட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை.

"நம்பாதீங்கம்மா," என்றாள் என் மனைவி. "இவர் வாயத் தொறந்தா புளுகுதான். கல்யாணத்தன்னைக்கு எங்கப்பாகிட்ட, குதிரையில வந்தேன், வாசல்ல கட்டிருக்கேன்னு சொன்ன மனுஷன். எங்கப்பா தண்ணி வைக்கப் போய்ட்டார்."

கணினி ஒரு சின்னச் சத்தம் போட்டது.

டாக்டரம்மா குனிந்து படித்தாள். ஒரு தடவை தனக்குள். இன்னொரு தடவை எங்களுக்காக, நம் பேச்சில்.

அங்கே இருக்கும் உடலில் பற்கள் எல்லாமே பழுதில்லாமல் இருக்கின்றன. ஒரு பல்லில்கூட அடைப்பு கிடையாது. நீங்கள் அனுப்பிய படத்தோடு பொருந்தவில்லை.

என் மனைவி டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே நின்றாள். பிறகு, வெகு சாதாரணமாக, பசிக்கிறது என்றாள். தீப்பிடித்த செய்தி வந்ததிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை அது.

வெளியே போகத் திரும்பியவள் கதவருகில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, அப்ப அங்க தனியா கிடக்குறது எந்தத் தாய் பெத்த பிள்ளையோ? அவளுக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க?"

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். எனக்கு எதிரே அந்தக் கடைவாய்ப் பல் இன்னும் திரையில்தான் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால், போன விடுமுறையில் மகன் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, என்னைத்தான் இங்கே படுக்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னான்.

"பாவந்தான்," என்றேன், உதட்டை அதிகம் பிரிக்காமல்.

அவனுக்கு இதுவரை ஒரு பல்லில்கூடச் சொத்தை வந்ததில்லை.