காணாமற்போகும் பாட்டு

"நேற்றுப் பாடிப் பதிஞ்ச பாட்டும் அழிஞ்சுபோச்சு, ஜெனி. இந்தப் புதுச் சொஃப்ட்வெயார் சரிவராது. நான் பழசுக்கே போறன்," என்று அலுத்துக்கொண்டான் சுபாஸ்.

பள்ளிமுனைக் கடற்காற்றில் திரைச்சீலை மெல்ல மிதந்தது. சுபாஸின் மனைவி ஜெனிஸ்ரா கண்மூடிக் கதிரையில் சாய்ந்திருந்தாள்.

"அந்தப் பழசு எனக்கொண்டும் விளங்காது. இதெண்டால் லேசு. இன்னொருக்காப் பாடுங்கோ."

அவன் பாடினான். பாட்டு அலையோடு அலையாய் அறையெல்லாம் ததும்பியது. பதிந்து முடித்துத் தேத்தண்ணி போடப் போனான்.

கோப்பையோடு திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஜெனிஸ்ரா கொம்பியூட்டர் முன்னால் இருந்து அந்தப் பாட்டை அழித்துக்கொண்டிருந்தாள்.

பிடிபட்டவள் சிரித்தாள். அவன் கையை இழுத்துத் தன் நிறைவயிற்றில் வைத்தாள்.

"பதிஞ்சதைப் போட்டால் பிள்ளை அசையுதில்லை. நீங்கள் பாடினால்தான் உதைக்குது."