பதினோரு மணி நேரம்

"வியாழக்கிழமை போய் சனிக்கிழமை திரும்புற அந்த ஃப்ளைட்ல எனக்கு டூட்டி போடுங்க சார்."

'இந்த ஊருக்குப் போடுங்க என்று மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதீர்கள்.' விமானப் பணிப்பெண் பயிற்சியில் முதல் நாளே சொன்னது. வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். கேட்டுவிட்டாள்.

டூட்டி போடும் அதிகாரி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். சீனியருங்களே அந்த ரூட்டுக்கு அடிச்சுக்கிறாங்க. நேத்து முளைச்ச உனக்கு அது கேக்குதா?"

"அப்பா அதுல வர்றார் சார். ஒன்பது வருஷம் கழிச்சு."

"அங்க என்ன பண்றார்?"

"கொத்தனார். பொண்ணு வேலை பார்க்கிற ப்ளேன்லதான் ஊர் திரும்புவேன்னு சொல்லிட்டே இருந்தார்."

"அப்ப டிக்கெட் வாங்கிட்டுப் போ."

"ஒரு சீட்டுகூட காலியில்ல சார். பார்த்துட்டேன்."

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார். "பொண்ணு கையால ஜூஸ் வாங்கிக் குடிக்கணுமாக்கும்! பதினோரு மணி நேரம்தானே? பேசாம தூங்கிட்டு வரட்டும். பக்கத்துல நீ எதுக்கு, தாலாட்டுப் பாடவா?"



போன மாதம் போனில் அப்பா கேட்டார், "நமக்கு நடுவுல எவ்வளவு தூரம்மா?" சொன்னாள். "அவ்வளவுதானா? பதினோரு மணி நேரத்தைத் தாண்டவா எனக்கு ஒன்பது வருஷம்?" என்று சிரித்தார். லீவு கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் என்றே சொல்லிவந்தான் முதலாளி. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று நடந்திருந்தால்கூட மனிதர் வீடு வந்து சேர்ந்திருப்பார்.

"இதுக்குத்தான் படிச்ச குடும்பமா பார்த்து ஆள் எடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிறேன்," என்றார் அதிகாரி. "வேலை பார்க்க வரச் சொன்னா, சொந்தக்காரங்களை ஏத்தி இறக்க வர்றீங்க. முடியாதும்மா. கிளம்பு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். காலையிலேயே டைப் அடித்து வைத்தது. நெஞ்சிலிருந்த இறக்கை பேட்ஜைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

அவர் படித்துவிட்டுத் திகைத்தார். "ஒரு ரூட்டுக்காகவா ராஜினாமா? பைத்தியமா உனக்கு? சனிக்கிழமை வாசல்ல நின்னு அப்பாவைக் கூட்டிட்டுப் போனா பத்தாதா?"

கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

"நிப்பேன் சார். வீட்டுல சாவுன்னு சொன்னா டூட்டியே தர மாட்டீங்க, அதான் சொல்லல. பயணிங்க வர்ற வாசல் அவருக்குக் கிடையாதாம். சரக்கு இறக்குற வாசல்லதான் நிக்கச் சொல்லியிருக்காங்க."