அரிசி இழுக்கும் கலசம்

தியாகேசனின் ரைஸ் மில்லில், தூணோடு கட்டப்பட்டிருந்த இளவழகனின் முதுகுத்தோலை அவருடைய ஆள் வீசிய மில் பெல்ட் உரித்துக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஓர் அடிகூட விழவில்லை.

"அரிசியை இழுக்கிற கோயில் கலசம்னு எங்கிட்ட வித்தியே. அது நெசமா, பொய்யா?" என்றார் தியாகேசன்.

"பொய்ங்க ஐயா. சாதா செம்புதான், உள்ள காந்தம் வெச்சேன். நான் கொண்டுவந்த அரிசியில இரும்புத்தூள்."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தான். பெல்ட் இன்னும் வேகமாக இறங்கியது.

"இப்ப சொல்லு."

"சத்தியமா பொய்ங்க."

அடுத்த உதையில் விலா எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"நெசம்ங்க," என்று அலறினான். "நெசமான கலசம்ங்க."

அடி நின்றது. தியாகேசனே கட்டை அவிழ்த்து, ரத்தத்தைத் துடைத்து, புதுச்சட்டையும் மாட்டிவிட்டார்.

"வீட்டுல வந்து இதையே சொல்லு. கலசத்தை வாங்க நன்னிலத்துலேருந்து ஆள் வந்து உக்காந்திருக்கு."

இளவழகன் திருதிருவென விழித்தான். "எங்கிட்ட அந்த அரிசி இல்லீங்களே."

"தஞ்சாவூர்க்காரன் வீட்டுக்கு எவனாவது அரிசி கொண்டாருவானா? அங்கதான் நீ மாட்டுன. இது நம்ம வீட்டு அரிசி. காலையிலயே என் சம்சாரம் இரும்புத்தூள் தடவி வெச்சிட்டா."