தளபதி தரையிறங்கிய காலை

விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

தளபதி கடைசி முறையாகப் பறந்துவிட்டு வருகிறார். நாளையோடு அவருக்கு ஓய்வு. ஓடுதளத்தின் ஓரத்தில் சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள், வரிசையாகச் சீருடைகள். முன்வரிசையில் தளபதியின் மனைவி. பக்கத்தில் நான்.

பக்கத்தில் நிற்கச் சொன்னதே அவள்தான். அக்கா, அக்கா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

தளபதியும் என் வீட்டுக்காரரும் விமானப்படைப் பயிற்சியில் ஒரே பேட்ச். அந்த பேட்சில் முதலில் தனியாகப் பறந்தவர் என் வீட்டுக்காரர். கோப்பை வாங்கியவரும் அவர்தான். தளபதி முதல் நாளே விமானத்துக்குள் வாந்தியெடுத்து, விதிப்படி அதைத் தானே கழுவிவிட்டு, ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்காமல் திரிந்தவர். இவன் தேறமாட்டான் என்று என் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தேறியது யார் என்று இப்போது ஊரே பார்க்கிறது.

என் வீட்டுக்காரர் ஸ்குவாட்ரன் லீடர் பதவியோடு சரி. இவரோ விங் கமாண்டர் ஆனார், ஒரு தளத்துக்குத் தலைவர் ஆனார், பிறகு ஒரு பக்கத்து எல்லை முழுவதையும் தூக்கி இவர் கையில் கொடுத்தார்கள். காரில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூடின. ஒவ்வொரு உயர்வுக்கும் அவரிடமிருந்தே எனக்கு போன் வரும். நியாயமாகப் பார்த்தால் இது அவனுக்கு வரவேண்டியது அண்ணி என்பார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? பதவி யார் வீட்டுக்குப் போனது?

செய்தித்தாளில் அவர் படம் வந்தால் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே காய் நறுக்கக் கீழே விரிப்பேன். விரிப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

அவள் மட்டும் என்னவாம்? கல்யாணமான புதிதில் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்து நிற்பாள். விருந்தில் எங்கே உட்கார வேண்டும், பெரிய அதிகாரியின் மனைவி எழுவதற்கு முன்னால் எழக்கூடாது, இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. எங்கள் உலகத்தில் புருஷன் தோளில் இருக்கிற பட்டைதான் பெண்டாட்டிக்கு எந்த நாற்காலி என்று தீர்மானிக்கும். அப்போது நான் சோபாவில், அவள் ஓரத்து ஸ்டூலில்.

இப்போது அவள் எழுந்தால் கூடமே எழுகிறது. அன்றைக்கு வாடி, போடி. இன்றைக்கு நாலு பேர் முன்னால் 'நீங்க' போட வேண்டியிருக்கிறது.

கூப்பிட்ட எந்த விழாவுக்கும் நான் இதுவரை போனதில்லை. இதற்கு வந்தது நல்லெண்ணத்தில் இல்லை. ஒரே ஒரு வார்த்தை, சுருக்கென்று தைக்கிற மாதிரி அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவள் சிரிப்பு ஒரு நிமிஷமாவது சுருங்க வேண்டும். நாளைக்கு அவர் பதவி போய்விட்டால் அவளும் எல்லோரையும் போல ஒருத்தி. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

என்ன வார்த்தை என்றுதான் இன்னும் அகப்படவில்லை.

கடைசிப் பறத்தலுக்கு மரியாதையாகத் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சின. நடுவே நனைந்துகொண்டு விமானம் மெல்ல உருண்டு வந்து நின்றது.

அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"இனிமே நாள் முழுக்க வீட்டுலதான் இருப்பாரு. ஈரத் துண்ட கட்டில் மேலயே போடுவாரு. எப்படித்தான் மேய்க்கப்போறேனோ, அக்கா!"

நட்சத்திரத்தையும் காரையும் தாங்கிக்கொண்ட எனக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை. கொடுத்துவைத்தவள் சலித்துக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்பது போல ஒரு கொடுமை உண்டா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விமானத்தின் மேல்மூடி திறந்தது. தளபதி தலைக்கவசத்தைக் கழற்றினார். முன்பக்கம் நன்றாக வழுக்கை விழுந்திருந்தது. ஏணியில் ஒரு காலை வைத்தவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த வழுக்கையையும் முட்டி வலியையும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல நம்மள ஓடுதளத்துக்குள்ள விடுறது இன்னைக்குத்தான். உங்களுக்கும் இதுதானே அக்கா முதல் தடவை?"

வார்த்தை அகப்பட்டுவிட்டது.

தேடாமலே நாக்கு நுனியில் வந்து நின்றது. இல்லை, இரண்டாவது தடவை. அவ்வளவு சொன்னால் போதும். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்போது அவர்கள் வேறு தளத்தில் இருந்தார்கள், இந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் செத்துவிடும். இனி எப்போது இந்த நாளை நினைத்தாலும் அதுவும் கூடவே வந்து நிற்கும்.

தளபதி கீழே இறங்கிவிட்டார். சல்யூட் அடித்துக்கொண்டு நின்ற வரிசையை விட்டுவிட்டு, கூட்டத்தில் இவளைத்தான் தேடினார்.

"ஆமா, முதல் தடவைதான்" என்றேன். "போடி, போய் அவரு கையைப் பிடிச்சுக்கோ."

அவள் ஓடினாள்.

முதல் தடவை என்னை இங்கே அழைத்து வந்த அன்று ஒரு சரக்கு விமானம் வந்து நின்றது. பின்கதவு வழியாக என் வீட்டுக்காரரை ஆறு பேர் தோளில் சுமந்து இறக்கினார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் அம்மா என்று ஒருவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.