சவரிமுத்துவின் அணி

ஞாயிற்றுக்கிழமை வானொலி விளையாட்டு அரட்டையை நடத்தும் குமரகுருவுக்குப் பிடித்த நேயர் திண்டுக்கல் சவரிமுத்து. தன் ஊர்க் கபடி அணி எத்தனை முறை தோற்றாலும், "இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான் சார்" என்று அடித்துப் பேசுவார். குமரகுரு வம்புக்கு இழுப்பார். கேட்பவர்கள் சிரித்துச் சிரித்து மாய்வார்கள்.

அன்று சவரிமுத்து, "நம்ம பயலுக இனி தேற மாட்டானுக சார்" என்றார். அதற்கும் குமரகுரு சிரித்துவைத்தார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அழைத்தார். "சவரிமுத்து சம்சாரம் அமலோற்பவம் பேசறேன். அவரு தையிலயே போய்ச் சேந்துட்டாருங்க."

அழைப்பு குறைந்தால் பழைய நேயர்களின் குரலில் நிலையத்தின் கணினியே பேசும் என்பது குமரகுருவுக்குத் தெரியும். சவரிமுத்துவும் அப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா. இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

"அதுக்குக் கூப்பிடலைங்க. மெஷினுன்னு தெரிஞ்சேதான் வாராவாரம் ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தேன். அவரு ஆஸ்பத்திரிக் கட்டில்லகூட அந்தப் பயலுகள விட்டுக்கொடுத்ததில்ல. இன்னைக்கு அது விட்டுக்கொடுத்திருச்சு. இனிமே எப்படிங்க கேக்கறது?"

அமலோற்பவம் போனை வைத்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. அடுத்த நேயருக்கான விளக்கு எரிந்தது. குமரகுரு வணக்கம் சொன்னார். மறுமுனையில் ஒருவர் கலகலவென்று சிரித்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே குமரகுருவும் சிரித்தார்.