விசிறியில் சிக்கிய துணி

அன்று காலையிலேயே இரண்டாவது முறையாக இன்ஜின் கொதித்துப் புகைந்ததும் ஜெசிந்தா காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். மெக்கானிக் நசீர் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"தண்ணியெல்லாம் இருக்கு. ஃபேன்தான் சுத்தல, என்னமோ சிக்கியிருக்கு."

குறடால் பிடித்து இழுத்தார். மஞ்சள் துப்பட்டா ஒன்று கிழிந்து கிழிந்து வந்தது. அதில் ஓர் ஊக்கு திறக்காமல் இருந்தது. ஊக்கோடு பிய்ந்து வந்த சுடிதார்த் துணியும் இருந்தது.

"உங்களோடதாம்மா?"

ஜெசிந்தா துப்பட்டா போடுவதில்லை. நேற்று காரை எடுத்துப்போன கணவன், வழியில் ஓர் ஆட்டின்மேல் மோதிவிட்டதாகச் சொல்லியிருந்தான். அவனை அழைத்தாள்.

"ஏங்க, பட்டறைல இருக்கேன். ஃபேன்ல ஒரு துப்பட்டா சிக்கியிருக்கு."



"மெக்கானிக் பாத்துட்டாரா?" என்றான்.

அவள் போனை அணைத்தாள்.

"பாய், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க."